வளர்ந்தால் தெரியாதாம்

என் மனுசன் கதிரவேலுவைப் பண்டத்தரிப்பில் விசாரித்தால் மிளகாய்த் தோட்டம் செய்கிறவர் என்பார்கள். நல்லூரில் விசாரித்தால் இங்கிலிஸ் இலக்கியம் படிப்பிக்கிற சேர் என்பார்கள். இரண்டும் சரிதான். விடியக் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த கையோடு சைக்கிள் மிதித்துப் போய் தனியார் ரியூற்றரி வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பார். நகக்கண்ணில் செம்பாட்டு மண் அப்படியே இருக்கும், வாயில் இங்கிலாந்து இருக்கும். இப்படி ஒரு மனுசனோடு குடும்பம் நடத்துவது சுலபம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஏ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவர் படிப்பித்தது இருநூறு வருசத்துக்கு முன் இங்கிலாந்தில் இருந்த கவிஞர்களை. பட்டணம் பிடிக்காமல் மலை, ஆறு, வயல் என்று நடந்து திரிந்தவர்களாம். எனக்கு இங்கிலிஸ் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் அவர் விறாந்தையில் இருந்து பாடம் ஆயத்தம் பண்ணும்போது உரத்துப் படித்துத் தமிழிலும் சொல்லிச் சொல்லி, அந்தக் கவிஞர்கள் எங்கள் வீட்டுச் சொந்தபந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள். அவர்கள் பாடினதின் சாரம் எனக்கு விளங்கின அளவில் இவ்வளவுதான்: குழந்தைக்கு உலகம் ஒரு தனி வெளிச்சத்தோடு தெரியும். வளர வளர அந்த வெளிச்சம் குறைந்து, கடைசியில் மரம் வெறும் மரமாகிவிடும், வானம் வெறும் வானமாகிவிடும். பிறகு மனிதனுக்கு மிச்சம் நினைவு மட்டும்தான். இந்த இடத்துக்கு வரும்போது என் மனுசனுக்குக் குரல் தழுதழுக்கும். குசினிக்குள் புட்டு அவித்துக்கொண்டு இதைக் கேட்கிற எனக்கு எரிச்சல் வரும். சின்னனில் எனக்கும் கண் இருந்ததுதானே, அதற்கு என்ன தெரிந்தது என்று ஒருத்தராவது கேட்டார்களா?

எங்களுக்கு ஒரே பிள்ளை, மீனாம்பிகை. வீட்டில் மீனா. தான் படிப்பித்த கவிதைகளுக்கெல்லாம் அவளைத்தான் அவர் சாட்சியாக வைத்திருந்தார். நடக்கத் தொடங்கின நாளிலிருந்து அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எறும்பு போகிற பாதையைக் காட்டினார், ஓணானைக் காட்டினார், ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் "என்ன தெரியுது பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். அவளும் சொல்லுவாள். ஒருநாள் வாய்க்கால் தண்ணீர் காய்ந்த பாத்திக்குள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்று, "அப்பா, மண் முதலிலை பயந்து சுருங்குது, பேந்துதான் குடிக்குது" என்றாள். மனுசன் இறைப்பை நிறுத்திவிட்டார். கிணற்றுத் துலாவில் நின்ற பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு அண்ணை என்னவோ ஏதோ என்று பயந்து கீழே இறங்கிவிட்டார். அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்னம் நல்லூர் ரியூற்றரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வசனம் தெரியும்.

அது தொண்ணூற்றிரண்டாம் வருசம். சண்டையால் மண்ணெண்ணெய் வராமல், தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்தது. ஊர் முழுக்கப் பழைய துலாவுக்குத் திரும்பியிருந்தது. ஏரம்பு அண்ணை துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், என் மனுசன் கிணற்றடியில் நின்று தண்ணீரை மொண்டு ஊற்றுவார், மீனா மண்வெட்டியோடு நின்று வாய்க்காலை வெட்டி அடைத்துப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவாள். எங்கள் இறைப்பு முடிந்தால் மூன்று பேரும் ஏரம்பு அண்ணையின் தோட்டத் தறைக்குப் போவார்கள். நான் புல்லுப் பிடுங்குவேன். மீனாவுக்கு அப்போது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்தது. பாவாடையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு சேற்றுக்குள் நிற்பாள். அவளுக்கு முன்னால் தண்ணீர் கை கட்டிக்கொண்டு சொன்ன பக்கம் போகும்.

அவருடைய தமக்கை சின்னாச்சி மச்சாளுக்கு இது கண்ணில் குத்தின முள். அடுத்த வளவுதான் அவவின் வீடு. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நல்லம்மா, பெட்டை கமுகு மாதிரி வளர்ந்திட்டாள். இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கிறவளை உப்பிடியே வாய்க்காலுக்கை விடப்போறியோ?" என்பா. நானும் மீனாவைக் கத்தித்தான் கூப்பிடுவேன். வீட்டு வேலை பழகட்டும் என்று எனக்கும் நினைப்பு. "விடு, நல்லம்மா. உந்தக் கண் அவளுக்குக் கொஞ்ச நாளைக்குத்தானே" என்று ஒவ்வொரு தரமும் தடுத்தது அவர்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளைக்கு இந்த அளவுக்கு விட்டுக்கொடுத்த தகப்பன் வேறு இல்லை.

ஒருநாள் பின்னேரம் அவர் வழக்கம்போல அந்தக் கவிதையைப் படித்துக்கொண்டிருந்தார். மீனா பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள்.

"அப்பா, உந்தக் கவிஞருக்கு எத்தினை வயசிலை தெரியாமல் போச்சு?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். "அது ஒரு நாளிலை நடக்கிற காரியமில்லை, பிள்ளை. ஆள் பெரிசாக ஆக மெல்ல மெல்லப் போகும்."

"பெட்டையளுக்குமோ?"

"ஆருக்கெண்டாலும்தான்."

"எனக்கும் போமோ?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டு அவளுடைய தலையைத் தடவினார். "ஓம், பிள்ளை. அதுதான் அப்பா இப்பவே உன்னட்டைக் கேட்டுக் கேட்டு வைக்கிறன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பிள்ளை வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். கவிதையை அவர் கவிதை என்று படித்தார். அவள் அதைப் பஞ்சாங்கம் மாதிரி எடுத்துக்கொண்டாள். எந்த நாளில் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியவில்லை.

மாசி மாதம் நடுவில் ஒரு காலை, இறைப்புத் தொடங்க முதல் நான் தோட்டத்துக் கிணற்றடிக்குப் போனேன். மீனா குந்தியிருந்து ஒரு துணியை அலம்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அதைப் பின்னால் ஒளித்தாள். ஒளித்தால் தெரியாதா? நான் பெற்றவள்.

"எப்ப தொடக்கம்?" என்று கேட்டேன்.

"தைப்பொங்கலுக்குப் பிறகு" என்றாள். அது இரண்டாம் தரம். முதல் தரத்தை ஒரு சத்தமும் இல்லாமல் தனியாகச் சமாளித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டித்தனம் என் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் அது ஊருக்கே சொல்லுகிற காரியம். மாமிக்குச் சொல்லி, தண்ணீர் வார்த்து, ஒரு மூலையில் இருத்தி, நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்து, சாமத்திய வீடு செய்கிற காரியம். அதை மறைத்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

அவள் அழத் தொடங்கினாள். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, அம்மா. பெரிசானால் தெரியாமல் போமெண்டு அப்பா சொன்னவர். நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பாக்கிறன். எனக்கு எல்லாம் அப்பிடியேதான் தெரியுது. ஒண்டும் போகேல்லை. ஆனால் இது தெரிஞ்சால் அப்பா இனி என்னட்டைக் கேக்க மாட்டார். தோட்டத்துக்கும் விடாயினம்."

ஒவ்வொரு நாளும் எழும்பிப் பார்த்தாளாம். எதைப் பார்த்தாய் என்று கேட்டேன். வேலியைப் பார்ப்பாளாம், பனையைப் பார்ப்பாளாம், கிணற்றுக்குள் எட்டி வானத்தைப் பார்ப்பாளாம். எல்லாம் நேற்று இருந்த மாதிரியே இருந்தால் சந்தோசத்தோடு மண்வெட்டியை எடுப்பாளாம். புத்தகத்தில் படித்த ஒரு பாட்டுக்கு இந்தப் பிள்ளை தன்னந்தனியாகச் சோதனை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"கண்டுக்கு ஏதும் வருமோ, அம்மா?" என்று பிறகு மெல்லக் கேட்டாள். மாதத் துடக்கு நாளில் பெண்கள் மிளகாய்த் தறைக்குள் கால் வைத்தால் கன்று கருகிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெற்றிலைக்கும் அப்படிச் சொல்லுவார்கள்.

"ஒண்டும் வராது. நீ போய்த் தண்ணி மாறு" என்றேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். போ."

முதல் மிளகாய் பிடுங்கி முடியட்டும், அதற்குப் பிறகு முறைப்படி சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். இன்றைக்கும் அந்தத் தீர்மானத்தை நான் பிழை என்று சொல்லமாட்டேன். பிள்ளைக்கு ஒரு பருவமாவது தன் கண்ணை நம்பி நடக்க இடம் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு ஒருத்தரும் கொடுக்கவில்லை.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறியது. அந்த வருசம் பூச்சி மருந்து ஒரு போத்தல் வாங்க வழியில்லை. உரமும் மருந்தும் அரசாங்கம் தடுத்த பொருட்கள். ஏரம்பு அண்ணையின் தறையில் முதலில் இலை சுருண்டது. பிறகு கிழக்குப் பக்கத் தோட்டங்களில். கடைசியில் எங்களுடையது. மேல் இலைகள் படகு மாதிரி வளைந்து, பூ உதிர்ந்து, கன்றுகள் கூனிப்போய் நின்றன. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பொடிப் பேன் ஊர்ந்தது. சாம்பல் தூவினோம், வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்துத் தெளித்தோம். ஒன்றுக்கும் நோய் கேட்கவில்லை. என் மனுசன் சாப்பாடு குறைந்து, தாடி வழிக்காமல் ரியூற்றரிக்குப் போய்வந்தார். மீனாவிடம் கேட்பதையும் விட்டுவிட்டார். கன்றுகளைப் பார்க்கிற மனுசனுக்குப் பிள்ளையைப் பார்க்க மனம் வரவில்லை. அவளோ ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரம்பில் நடந்தாள். என்னைக் கண்ணால் மட்டும் கேட்டாள். ஊர் முழுக்க வந்த நோய் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

சின்னாச்சி மச்சாள் எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்கு வருகிறவ அல்ல. அன்றைக்கு முருங்கையிலை ஒடிக்க வந்தவ தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போயிருக்கிறா. வேலிக் கதியால் மறைவில் மீனா காயப்போட்டிருந்த துணி அவவின் கண்ணில் பட்டுவிட்டது. துணியைத் தடி ஒன்றில் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தா. மத்தியான வெயில். மீனா விறாந்தையில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எடி நல்லம்மா, எனக்கு ஏன் சொல்லேல்லை? தண்ணி வாக்க வேண்டிய மாமி நான் உயிரோடை இருக்கிறன் எல்லோ?" என்று தொடங்கினா. அதில் நியாயம் இருந்தது. அத்தோடு விட்டிருந்தால் நான் காலில் விழுந்தும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஆனால் அவவுக்கு அடுத்தது மண்டைக்குள் ஏறிவிட்டது. "உவள் உப்பிடியே தோட்டத்துக்கையும் நிண்டவளோ? துடக்கோடை குமர்ப்பிள்ளை தண்ணி மாறினால் கண்டு நிக்குமோ? தம்பியின்ரை உழைப்பெல்லாம் சுருண்டு போனது உதாலைதான்!"

அந்த நேரம் படலை திறந்தது. அவர் நல்லூரிலிருந்து வந்து சைக்கிளை மாமரத்தோடு சாத்தினார். தமக்கை எல்லாவற்றையும் திரும்ப ஒரு தரம் ஒப்புவித்தா. நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனுசன் படித்தவர். இலைக்கு அடியில் ஊர்ந்த பேன்களை என்னைவிட நன்றாகக் கண்டவர். இப்போது சிரிப்பார், அக்கா உதெல்லாம் விசர்க்கதை என்பார், பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிடுவார் என்று நினைத்தேன். மீனாவும் அதைத்தான் நினைத்திருப்பாள். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி நின்றாள். பயம் இருந்தது, ஆனால் அவளுடைய முகத்தில் அவர் மேல் ஒரு நம்பிக்கையும் இருந்தது.

அவர் மீனாவைப் பார்த்துக் கேட்டார்:

"எந்தெந்த நாளிலை தோட்டத்துக்கை போனனி?"

அவ்வளவுதான். குரல் உயர்த்தவில்லை, கை ஓங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். பத்து வருசமாக என்ன தெரியுது, என்ன தெரியுது என்று கேட்ட வாய்.

மீனாவின் முகம் என் கண்ணுக்கு முன்னாலேயே மூடிக்கொண்டது. வேறு எப்படிச் சொல்லுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவள் உள்ளே போய் அறைக்கதவைச் சாத்தினாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பிள்ளையை ஏன் கேக்கிறியள்? என்னைக் கேளுங்கோ" என்றேன். "உங்களுக்குக் கழுத்து நீட்டின நாளிலையிருந்து நான் எந்தெந்த நாளிலை தோட்டத்துக்கை போனனான் எண்டு கேளுங்கோ. தோட்டக்காரன் பெண்சாதிக்கு மாசத்திலை மூண்டு நாள் ஆர் லீவு தாறது? நீங்கள் படிப்பிக்கப் போக, புல்லுப் பிடுங்கினது ஆர்? பழம் பிடுங்கினது ஆர்? துடக்கெண்டு சொன்னால் வேலை நிண்டுபோமெண்டு ஒரு நாளும் நான் சொன்னதில்லை. எந்த வருசம் கண்டு செத்தது? நல்லாய்க் காய்ச்ச வருசமெல்லாம் நான் நிண்ட தோட்டம்தான்!"

மச்சாள் வாயில் கை வைத்தா. "ஐயோ, நீயுமோடி?"

"நீங்கள் போகேல்லையோ, மச்சாள்? அத்தான் நெருப்புக் காய்ச்சலிலை கிடந்த வருசம் உங்கடை புகையிலைக்கு மாசம் முழுக்க ஆர் தண்ணி விட்டது? ஏரம்பு அண்ணைக்குப் பெட்டைப் பிள்ளையே இல்லை. மனுசியும் செத்துப்போச்சு. அவரின்ரை கண்டு ஏன் சுருண்டது?"

மச்சாள் சீலைத் தலைப்பை இழுத்து விட்டா. கையிலிருந்த தடியைக் கீழே போட்டா. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்கிறது அவவுக்கு மட்டும் விளங்காதா? அவவும் பெண்தானே. ஆனால் முற்றத்தில் தம்பிக்கு முன்னால் நின்று ஓம் என்று சொல்ல அவவால் ஏலவில்லை. "தண்ணி வாக்க நல்ல நாள் பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டு போனா.

என் மனுசன் மாமரத்தடியில் அப்படியே இருந்துவிட்டார். அவருக்கு வெட்கம். தான் நம்பாத ஒன்று தன் வாயிலிருந்து வந்ததை நினைத்து வெட்கம். இருட்டுப்படுகிற நேரத்தில் குசினி வாசலுக்கு வந்து, "அது எப்பிடி வந்ததெண்டு எனக்கே தெரியேல்லை, நல்லம்மா. அம்மா சொன்னது, அக்கா சொன்னது, எல்லாம் உள்ளுக்கை கிடந்திருக்கு" என்றார். நான் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "என்னட்டை ஏன் சொல்லுறியள்? அவளட்டைச் சொல்லுங்கோ" என்றேன். அவர் அறை வாசல்மட்டும் போனார். கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார்.

சாமத்திய வீடு பெரிய எடுப்பில்லாமல் நடந்தது. பொம்பர் விமானம் திரிகிற காலத்தில் பந்தல் போடவும் பயம், நாலு பேரைக் கூட்டவும் பயம். மச்சாள்தான் தண்ணீர் வார்த்தா. வார்க்கும்போது மீனாவின் தலையை அவ வழக்கத்துக்கு மேலாக நெடுநேரம் தடவினா. மீனா சீலை கட்டிக் குத்துவிளக்குக்கு முன்னால் தலை குனிந்து நின்றாள். நல்ல வடிவாயிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை நல்ல அடக்கம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்க எனக்கு விழாவீட்டில் நிற்க மனமில்லாமல் போனது.

அதற்குப் பிறகு அவளை ஒருத்தரும் மறிக்கவில்லை. நானே கூப்பிட்டேன். "வா, பிள்ளை, தோட்டத்துக்குப் போவம்" என்றேன். "நீங்கள் போட்டு வாங்கோ அம்மா, எனக்குப் படிக்கக் கிடக்கு" என்பாள். உண்மையாகவே இருந்து படிப்பாள். வீட்டு வேலையும் ஒன்று விடாமல் செய்வாள். முன்பு நான் கத்திக் கத்திக் கேட்டதெல்லாம் இப்போது கேளாமலே கிடைத்தது. எனக்கு அதில் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் தலை இழுத்து வாரிவிடும்போது நேராகக் கேட்டுவிட்டேன். "நான் சொன்னதைக் கேட்டனிதானே? அறைக்குள்ளை இருந்தாலும் காது இருந்ததுதானே? நான் எத்தினை வருசம் போனனான், ஒண்டும் வரேல்லை. உன்னாலை ஒரு கண்டும் சாகேல்லை."

"கேட்டனான் அம்மா. நீங்கள் சொன்னது சரி. எனக்கு விளங்குது" என்றாள்.

"பேந்தென்ன?"

"அப்பா கேட்டிட்டார் எல்லோ" என்றாள். "அதுக்குப் பிறகு தோட்டத்தைப் பாத்தால் எனக்கு ஒண்டும் தெரியேல்லை அம்மா. வேலியைப் பாத்தால் வேலி. கண்டைப் பாத்தால், நான் மிதிச்சனானோ, நான் தொட்டனானோ எண்டுதான் வருது. முந்தித் தெரிஞ்சது. பெரிசான பிறகும் ரண்டு மாசம் தெரிஞ்சது. அப்பா படிப்பிக்கிற கவிதை பிழை. வளர்ந்ததாலை போகேல்லை."

நான் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். பிள்ளையின் தலையை என் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அதற்கு மேல் எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

சித்திரை முடிய முன்னம் என் மனுசன் கருகின கன்றுகளைப் பிடுங்கி எரித்துவிட்டுப் பயறு விதைத்தார். ஒரு காலை, ரியூற்றரிக்கு வெளிக்கிட்டு நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு நின்றவர், மீனாவை வாசலில் வந்து கூப்பிட்டார். "பயறு முளைச்சிட்டுது, பிள்ளை. ஒருக்கா வந்து பாக்கிறியோ?" என்றார். கெஞ்சல் மாதிரி இருந்தது. மீனா மறுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிற சாட்டில் பின்னாலேயே நடந்தேன்.

வரம்புமட்டும் போய் இருவரும் நின்றார்கள். மழைத் தூறல் விழுந்த மண்ணைப் பிளந்துகொண்டு முளைகள் வரிசையாக வந்திருந்தன. அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பா அண்டைக்குக் கேட்டது பிழை, பிள்ளை. பெரிய பிழை. நான் அதை நம்புறவனில்லை. எண்டாலும் கேட்டிட்டன்."

"அதை விடுங்கோ, அப்பா."

"உனக்கு…" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு பயந்து பயந்து கேட்டார். "உனக்கு இன்னும் முந்தி மாதிரித் தெரியுதோ?"

அவருக்கு அந்தப் பதில் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவருடைய கழுத்து நரம்பைப் பார்க்கவே தெரிந்தது. தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் அந்த மனுசன் அந்த இடத்திலேயே உடைந்துவிடுவார். சொல்லட்டும், உடையட்டும் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. பட்டால்தானே தெரியும்.

மீனா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஓம், அப்பா. அப்பிடியேதான் தெரியுது" என்றாள். பிறகு, "முளையளைப் பாருங்கோ, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்த பிள்ளையள் மாதிரி எல்லாம் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்குது" என்றாள்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்து, அதைத் தனக்குள் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் சொன்னாள், நல்ல வசனம்தான். ஆனால் சொல்லும்போது அவள் பயறைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுத்துவிட்டு, இறங்கினதோ என்று பார்க்கிற பார்வை அது.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் போனார். மணியை அடித்துக்கொண்டு போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நல்லூரில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் அந்த வசனத்தைக் கேட்பார்கள்.

நான் குடத்தைக் கீழே வைத்தேன். "ஏன் பிள்ளை பொய் சொன்னனி?" என்று கேட்டேன்.

"அப்பா பாவம், அம்மா" என்றாள்.

சொல்லிவிட்டுக் குனிந்து குடத்தை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள். மாமி தண்ணீர் வார்த்த அன்று எல்லாரும் என் பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள் என்றார்கள், எனக்கு அழுகை வரவில்லை. இந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான் நான் வரம்பில் குந்தியிருந்து அழுதேன்.